நெத்திலி காயும் கரையில் என் தம்பி

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மறுவாரமே சின்னம்மாவின் மகன் தஞ்சோங் டாவாயில் ஒரு கருவாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். "படித்த பிள்ளை கருவாடு சுமப்பதா? நீ பல்கலைக்கழகத்தில் படிக்கிறாய், நீ சொன்னால் கேட்பான்" என்று சின்னம்மா என்னை அனுப்பினார். விடுமுறையில் வந்திருந்த நானும் பெரிய மனுஷியைப்போல் கிளம்பினேன்.

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங், செமிலிங், மெர்போக் வழியாகப் போனால் ஆறு கடலில் கலக்குமிடத்தில் சாலை முடிகிறது. அதுதான் தஞ்சோங் டாவாய். எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா. படகில் சில நிமிடம், சாலையில் பெரிய சுற்று. 1025-இல் இராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தோமே, அந்தப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு வணிகக் கப்பல்கள் வந்த வழிகளில் இந்த ஆற்றுவாயும் ஒன்று. இன்று இங்கே நிற்பவை மீன்பிடிப் படகுகள்.

எங்கள் பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஐஸ்பெட்டி இல்லாத லயத்து வீட்டில் கெடாமல் கிடந்தது கருவாடு மட்டும்தான். சம்பளத்தன்று வாங்கினால் அடுத்த சம்பளம் வரை ஓட்டிவிடுவார்களாம். அந்தக் கருவாட்டில்தான் வளர்ந்தோம். ஆனால் அதைக் காய வைப்பவர் யார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

தம்பி சொல்லித்தான் தெரிந்தது, நெத்திலியைப் படகிலேயே உப்புநீரில் அவித்துவிடுகிறார்கள். பிடித்துச் சில மணி நேரத்திலேயே அதன் வயிறு இளகிவிடும். கரை வரும்வரை காத்திருக்க முடியாது. கரைக்கு வந்ததும் வலைகளில் பரப்பி வெயிலில் காய வைத்து, சிறிது பெரிதாகப் பிரித்து, நொறுங்கியதைத் தனியே ஒதுக்குகிறார்கள். விலை நிறத்தைப் பார்த்துத்தான். பளிச்சென்று இருந்தால் நல்ல விலை, மஞ்சளித்தால் போச்சு.

நான் அறிவுரையை ஆரம்பித்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. "அக்கா, அந்த முனையைப் பிடி!" என்று கத்திக்கொண்டே ஓடினான். பக்கத்தில் நெத்திலி பொறுக்கிக்கொண்டிருந்த மலாய் மக்சிக்குகள் ஏற்கெனவே எழுந்துவிட்டார்கள். நானும் செருப்பை விட்டுவிட்டு வலையை இழுத்தேன். பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. மீதி நனைந்தது. யாரும் புலம்பவில்லை. ஒரு மக்சிக் மட்டும் என் உடையைப் பார்த்துச் சிரித்தார். உண்மையில், அன்று முழுவதும் என் மேல் கருவாட்டு வாடைதான்.

மழை விடும்வரை கூரைக்கடியில் நின்றோம். தம்பி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். மழை பெய்த நாள்கள், நனைந்த கிலோ, குறைந்த விலை எல்லாம் அவன் கையெழுத்தில். பள்ளியில் கணக்கு நோட்டையே ஒழுங்காக வைக்காதவன்! "காய வைக்கும் இயந்திரம் வாங்கினால் எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும்? இதையெல்லாம் எங்கேயாவது சொல்லித் தருகிறார்களா அக்கா?" என்று கேட்டான். பொருளாதாரம் படிக்கும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருவரும் மீன்பெட்டிமேல் உட்கார்ந்து கைப்பேசியில் தேடினோம். மலேசிய திரங்கானு பல்கலைக்கழகத்தில் மீன்வளத்துறை டிப்ளோமா இருக்கிறது.

அன்றிரவே விண்ணப்பத்தில் அதை முதல் தேர்வாகப் போட்டான். முடிவு வரும்வரை வேலையை விடமாட்டானாம். சின்னம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. திரங்கானு ரொம்பத் தூரம் என்கிறார்.