பஸ் ஏன் முந்துகிறது?

புறக்கோட்டையில் சரக்கேற்றிக்கொண்டு கண்டி வீதிக்குத் திரும்பினால், இடப்பக்கத்தால் ஹோர்ன் அடித்தபடி நுழையும் தனியார் பஸ்ஸைத் திட்டாத வியாபாரி இல்லை. 1979இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட இந்த பஸ்களில் சாரதிக்கும் நடத்துனருக்கும் பெரும்பாலும் அன்றைய வசூலிலிருந்துதான் சம்பளம். பின்னால் வருபவன் முந்திவிட்டால் அடுத்த தரிப்பிடத்துப் பயணிகள் அவனுக்கு. கணக்கு அவ்வளவுதான்.

எங்கள் லொறிச் சாரதிக்கு நானும் ஒரு நடைக்கு இவ்வளவு என்றுதான் கொடுத்து வந்தேன். அவரும் பஸ்ஸோடு போட்டிபோட்டார். கண்ணாடிச் சாமான் இரண்டு பெட்டி நொறுங்கியது. நட்டத்தை அவர் தலையில் போடப் பார்த்தேன், மனம் கேட்கவில்லை. ஓடச் சொன்னது என் கூலிதானே!

இப்போது நாட்சம்பளம். முதல்நாள் மாலையே ஏற்றிவைத்து, சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, நெரிசலுக்கு முன் பேலியகொடையைத் தாண்டிவிடுகிறார். வாரத்தில் ஒரு நடை குறைந்திருக்கிறது. அந்தச் செலவு என்னுடையது.