வெங்காயத்தின் ஒப்பனை அறைக்குள் எட்டிப் பார்ப்போமா?

வாங்க, சத்தம் போடாமல் உள்ளே வாங்க! ஒரு வெங்காயத்தை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து வையுங்கள். அடியில், வேர் ஒட்டிய இடத்தில் ஒரு சின்னத் தட்டு தெரிகிறதா? செடியின் தண்டே அவ்வளவுதான்! மீதி முழுக்க இலை. வெளி அடுக்குகள், வயலில் பச்சையாக ஆடிய தாள்களின் உப்பிய அடிப்பாகம். நடுவில் இருப்பவை இன்னும் வேடிக்கை: தாளாக நீண்டு வெளியே தலைகாட்டாமலே சதைபிடித்தவை.

சரி, "தாள் விட்டது போதும், காய் பிடி" என்று உத்தரவு போடுவது யார்? பகல்! பகல் எவ்வளவு நீளம் என்று தாள்கள் அன்றாடம் அளந்துகொண்டே இருக்கின்றன. அந்த உத்தரவு எந்த மரபணு வழியாகப் போகிறது என்பதை 2013இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் பிடித்துவிட்டார்கள். ஒரு மரபணு பருக்கச் சொல்கிறது. இன்னொன்று அதன் வாயைப் பொத்துகிறது. பகல் நீண்டதும் பொத்திய கை விலகுகிறது. அடடா, என்ன நாடகம்!

எத்தனை மணி நேரப் பகல் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். ஐரோப்பிய ரகங்கள் பலவும் 14 முதல் 16 மணி நேரம் கேட்கும். மதுரையிலோ ஜூன் மாதப் பகல்கூட 13 மணியைத் தொடாது. அந்த விதையை இங்கே போட்டால் பொரியலுக்குத் தாள் தேறும், சாம்பாருக்குக் காய் தேறாது. நம் ரகத்தை லண்டன் கோடையில் விதைத்தால் கூத்து தலைகீழ்: நாலு தாள் விடுவதற்குள் உத்தரவு வந்துவிடும், கோலிக்குண்டு அளவிலேயே கதை முடிந்துவிடும். தாள் எத்தனையோ, காயும் அந்த அளவுக்குத்தானே!

வெயில் ஏறினாலும் வேலை வேகம் பிடிக்கும். நெருக்கி நட்டாலும் அப்படித்தான். அக்கம்பக்கத்துத் தாள்களின் நிழல் பட்டதும் செடி அவசர அவசரமாகச் சின்னக் காய் பிடித்துவிடும். கடைசி நேரத்தில் யூரியாவை அள்ளிப் போட்டாலோ, தாள் பச்சைப்பசேல் என்று நிற்கும், கழுத்து தடித்து மூடாமல் கிடக்கும். சேமித்து வைக்கும் பட்டறையில் முதலில் அழுகுவது அந்தக் காய்தான்.

பக்கத்து அறையில் பூண்டு. இதற்குப் பகல் மட்டும் போதாது, முன்னாலேயே நல்ல குளிரும் வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டு ஏன் மலையில் குடியிருக்கிறது என்று இப்போது புரிகிறதா? குளிர் பட்டால்தான் உள்ளே பல் பல்லாகப் பிரியும். நாட்டு மருந்துக் கடையில் தனி மரியாதை, தனி விலையோடு உட்கார்ந்திருக்கிறதே ஒருதலைப் பூண்டு? பல நேரம் அது குளிர் போதாமலோ, விதைப்பல் பொடிசாக இருந்ததாலோ பிரியாமலே நின்றுபோன சாதாரணப் பூண்டுதான்!