அருவியும் பண்ணும்

கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாயகங்கை அருவி. ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. அதன் ஓசையைச் செல்போனில் பிடித்துவந்து வீட்டில் போட்டுக் கேட்டால், நேரில் காதை அடைத்த அந்த இரைச்சல் சப்பென்று இருக்கும். பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும் என்று பல போன்களில் இரைச்சல் நீக்கும் மென்பொருள் வைத்திருக்கிறார்கள். விடாமல் ஒரே சீராக வரும் ஒலியை அது வேண்டாததாகக் கணக்கிட்டுக் குறைத்துவிடும். அருவியோ முழுக்க இரைச்சல்தான். அடியில் அதிரும் கனத்த ஒலியிலிருந்து துளி சிதறும் மெல்லொலி வரை அத்தனை அதிர்வெண்களும் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன.

உள்ளதை உள்ளபடி பிடிக்க நினைக்கும் ஒலிப்பதிவாளர் இரண்டு மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகை கோணத்தில் விரித்து வைப்பார். ஏறக்குறைய நம் இரு காதுகளின் இடைவெளி அது. பிரெஞ்சு வானொலியில் உருவான முறை. பதிவின் அளவைக் கையால் ஒருமுறை வைத்தபின் தொடமாட்டார். கேட்கும் ஸ்பீக்கரும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எதையும் கூட்டாமல் குறைக்காமல் தரவேண்டும். பாஸைத் தூக்கிவிட்ட ஸ்பீக்கரில் இத்தனை உழைப்பும் வீண்.

இசைத் தயாரிப்பின் நோக்கமே வேறு. ஓர் உதாரணம்: தேவாரத்தில் கொல்லி என்றொரு பண் உண்டு. அப்பரின் ‘கூற்றாயினவாறு’ பதிகம் அந்தப் பண்ணில் அமைந்தது. அதை ஓர் ஓதுவார் ஸ்டூடியோவில் பாடுவதாக வைத்துக்கொள்வோம். எதிரொலியை உறிஞ்சும் சுவர்களுக்கு நடுவே குரல் வறண்டு கேட்கும். பொறியாளர் செயற்கை எதிரொலி சேர்த்து அதைக் கல்மண்டபத்துக்குக் கொண்டுபோகிறார். இரண்டாம் முறை பாடியதில் நன்றாக வந்த அடியை முதல் பதிவில் ஒட்டுகிறார். தம்புரா வேறொரு நாள் பதிவானதாகவும் இருக்கலாம். அப்படியொரு பாட்டு எந்த மண்டபத்திலும் நடக்கவில்லை. ஆனாலும் அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன், அது படைப்பு. நாம் கேட்கும் திரைப்பாடல்கள் பெரும்பாலும் இப்படி அடுக்கடுக்காகக் கட்டப்பட்டவையே.

மலைமக்களின் பாட்டைப் பதிவுசெய்யும்போதுதான் எனக்குக் கவலை. தாளமும் எதிரொலியும் சேர்த்த வடிவம் மட்டும் மிஞ்சினால், அவர்கள் பாடியது எப்படி இருந்தது என்று பின்னால் யாரும் அறியமுடியாது. ஒன்றாகக் கலந்ததைப் பழையபடி முழுதாகப் பிரித்தெடுக்க இன்றைய மென்பொருளாலும் முடிவதில்லை.

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போய் ஒரு பாட்டைப் பதிவுசெய்கிறீர்களா? பாடுகிறவரின் சம்மதம் கேளுங்கள். ஊரையும் தேதியையும் குறித்துவையுங்கள். மூலப்பதிவைத் தொடாமல் தனியே பத்திரப்படுத்துங்கள். உங்கள் கற்பனையையெல்லாம் நகலில் காட்டுங்கள்.