வீரவேடமும் பாலர் கல்வியும்

தோளிலே துவாயொன்றைக் கட்டிக்கொண்டு, "நான்தான் பேட்மேன்" என்று வீடெங்கும் ஓடித்திரியும் 4 வயதுப் பாலனை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். "துள்ளாதே, வந்து படி" என அதட்டுவதே நம்மிற் பலரின் வழக்கம். அவ்வழக்கம் பொருந்துமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சூப்பர்மேன் 1938இலும், பேட்மேன் 1939இலும் அமெரிக்கச் சித்திரக்கதை ஏடுகளில் அறிமுகமாயினர். 2017இல் அந்நாட்டு உளவியலாளர் 180 சிறுவரை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். 4, 6 வயதினரான அச்சிறுவர்க்குச் சலிப்பூட்டும் வேலையொன்று 10 நிமிடத்திற்குக் கொடுக்கப்பட்டது. அருகிலே, மனத்தை ஈர்க்கும் விளையாட்டுக் கருவியும் இருந்தது. தம்மைத் தாமாகவே எண்ணியிருந்தோரினும், பேட்மேன் முதலிய பாத்திரங்களாய்த் தம்மைப் பாவித்தோரே நெடுநேரம் வேலையில் நிலைத்தனர்.

காரணம் யாது? வேடம் பூண்ட பிள்ளை தன் சலிப்பிலிருந்து சற்றே விலகிநின்று, தான் போற்றும் வீரன் செய்வதைத் தானும் செய்ய முயல்கின்றது என்பர்.

ஆதலின், துவாயைப் பறித்தல் வேண்டா. வீரனின் பெயரை மணலில் எழுதச் செய்யலாம். அவன் ஏறும் படிகளை எண்ணச் செய்யலாம். அவன் கதையைப் பிள்ளை சொல்ல, நாம் எழுதி வாசித்துக் காட்டலாம். எனினும், அடிதடியே வீரமென்று பிள்ளை கருதாவண்ணம் காத்தல் நம் கடன். "அவன் யாரைக் காத்தான்? ஏன் காத்தான்?" என்று வினாவுவோமாக. அனுமன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, ஆற்றல் பணிவோடு கூடியவிடத்தே போற்றப்படும் என்பது புதிதன்று.