கொலைக்கு ஒரு மாலை, காதலுக்குப் பல ஆண்டுகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கோசி மிஸ்டரி' என்று வழங்கும் இலகு மர்மக் கதைகளில் கொலை தவறாமல் நிகழும். ஆயினும் குருதி காட்டப்படுவதில்லை, வன்சொல் ஒலிப்பதில்லை, எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிற்றூரில், காவல்துறையோடு தொடர்பற்ற ஒருவர் தம் ஆர்வத்தால் மட்டுமே துப்பறிந்து குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். இவ்வகைக்குச் சின்னத்திரையில் பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தது, 1984 முதல் 1996 வரை சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய 'மர்டர், ஷி ரோட்' தொடராகும். அதில் ஏஞ்சலா லான்ஸ்பரி ஏற்ற ஜெசிகா பிளெட்சர், கணவரை இழந்த நடுவயது கடந்த எழுத்தாளர் என்பதால், கதையில் காதலுக்குப் பெரிய இடம் இருக்கவில்லை.

அந்த இடத்தை நிரப்பியது ஹால்மார்க் நிறுவனம். 1910இல் தொடங்கிய இந்த வாழ்த்து அட்டை நிறுவனம் திருமண வாழ்த்தையும் இரங்கல் அட்டையையும் ஒரே கடையில் விற்றுப் பழகியது. காதலையும் கொலையையும் ஒரே படத்தில் வைப்பது அதற்குக் கடினமாக இருந்திருக்காது. இதன் திரைப்பட அலைவரிசைகளுள் ஒன்று 2014இல் 'ஹால்மார்க் மூவிஸ் அண்ட் மிஸ்டரிஸ்' என்றும், 2024இல் 'ஹால்மார்க் மிஸ்டரி' என்றும் பெயர் மாறியது.

இப்படங்களின் நாயகியர் பெரும்பாலும் சொந்தத் தொழிலோ அறிவுத் துறையோ உடையவர்கள். ஜோன் ஃபுளூக்கின் புதினங்களிலிருந்து எடுக்கப்பட்ட 'மர்டர், ஷி பேக்ட்' வரிசையின் ஹன்னா ஸ்வென்சன் மின்னசோட்டாவின் ஒரு கற்பனைச் சிற்றூரில் பிஸ்கட் கடை நடத்துகிறார்; சார்லேன் ஹாரிஸ் படைத்த அரோரா டீகார்டன் நூலகர்; 'கிராஸ்வேர்டு மிஸ்டரிஸ்' நாயகி செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் புதிர் தொகுப்பவர். இந்தத் தொழில்கள் வெறும் அலங்காரம் அல்ல. பிஸ்கட் கடைக்கு ஊரின் வம்புப் பேச்சு முழுவதும் தேடி வந்து சேர்கிறது, பழைய செய்திகளைத் தோண்டும் பழக்கம் நூலகருக்கு இயல்பிலேயே இருக்கிறது. வேண்டாத வீட்டுப் பொருள்களை வாசலில் பரப்பி மலிவாக விற்கும் அமெரிக்க வழக்கத்தை மையமாகக் கொண்ட 'கராஜ் சேல் மிஸ்டரி'யில், பழம்பொருளின் போலியைக் கண்டறியும் கண்ணே கொலையாளியையும் கண்டறிகிறது.

ஆயினும் கடைக்காரரால் எட்ட முடியாத செய்திகள் உண்டு: பிரேதப் பரிசோதனை முடிவு, கைரேகை, தொலைபேசிப் பதிவுகள். இந்த இடத்தில்தான் காதல் கதையமைப்புக்கு உதவுகிறது. ஹன்னாவின் மைக் கிங்ஸ்டனும் குறுக்கெழுத்து நாயகியின் தோழரும் காவல் துப்பறிவாளர்களாக இருப்பதால், விசாரணையில் தலையிடாதே என்று கண்டிக்கும் ஒருவரே அடுத்த காட்சியில் தேவையான தகவலை வாய்தவறிச் சொல்லிவிடுகிறார்; கண்டிப்பு ஊடலாகவும், தகவல் பரிமாற்றம் நெருக்கமாகவும் உருமாறுகின்றன. 'கராஜ் சேல்' நாயகி ஏற்கெனவே மணமாகிப் பிள்ளைகள் பெற்றவர் என்பதால், அவ்வரிசையில் இந்த வசதி கிடையாது.

ஒவ்வொரு படமும் விளம்பரங்களோடு சேர்த்து இரண்டு மணி நேரத்தில் அடங்க வேண்டும் என்பதால், உண்மையில் கதைக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே. விளம்பர இடைவேளை ஒவ்வொன்றுக்கும் முன்பு ஒரு புதிய ஐயமோ அதிர்ச்சியோ தேவைப்படுவதால், சந்தேகத்துக்குரியவர்கள் வரிசையாக வந்து வரிசையாக விடுவிக்கப்படுகிறார்கள். கொலை அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. காதலோ அடுத்த படத்துக்கும் அதற்கடுத்த படத்துக்கும் நேயரை அழைத்துவர வேண்டியிருப்பதால், எளிதில் தீரக் கூடாது. ஹன்னாவுக்கு மைக்கோடு பல் மருத்துவர் நார்மனும் போட்டிக்கு நிற்பது இதற்காகவே.

இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய அச்சமும் உண்டு. 1985இல் தொடங்கிய 'மூன்லைட்டிங்' தொடரில், ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டிருந்த துப்பறியும் இணை 1987இல் ஒன்றுசேர்ந்தபின் தொடரின் சுவை குன்றியது என்ற நம்பிக்கை அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளரிடையே வேரூன்றிவிட்டது. படப்பிடிப்புச் சிக்கல்கள், நடிகர் பூசல்கள் போன்ற வேறு காரணங்களும் அத்தொடருக்கு இருந்தமையால், பழியை அந்த இணைவின் மீது மட்டும் போடுவது நியாயமில்லை. அரோரா டீகார்டன் 2021இல் திருமணம் செய்துகொண்ட பின்னரும் அவ்வரிசையில் படங்கள் வந்தன.

புதிர் என்ற அளவில் இப்படங்கள் வலுவானவை அல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. தேவைக்கு மீறி இனிமையாகப் பேசும் துணைப் பாத்திரத்தைக் கவனித்தாலே குற்றவாளி பாதியிலேயே பிடிபட்டுவிடுவார். இறந்தவருக்காக எவரும் நெடுநேரம் துயருறுவதும் இல்லை. இருவர் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே சிக்கலை அவிழ்க்கும் உரையாடலே இவற்றின் உயிர். அது நன்றாக எழுதப்பட்ட படம் நிற்கிறது, மற்றவை மறந்துபோகின்றன. குற்றப் புனைகதை கற்பிக்கும் பேராசிரியரையும் ஒரு துப்பறிவாளரையும் இணைத்த 'மிஸ்டரி 101' அந்த உரையாடலில் தேர்ந்தது. ஆனால் 2021இல் வெளிவந்த அதன் ஏழாம் படம் இருவரின் கதையை அந்தரத்தில் நிறுத்தி முடிகிறது. விடை தெரியாவிட்டால் உறக்கம் வராத நேயர்கள் ஆறாம் படத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.