நெல்லின் புள்ளியும் தேடுவோர் கண்ணும்

பட்டணத்து உத்தியோகத்தை விட்டுப் பூர்விக நிலத்துக்குத் திரும்பிய ஒருவர், நட்ட பயிரின் இலைகளில் புள்ளிகள் தோன்றக் கண்டு, 'நெல் இலையில் புள்ளி, என்ன மருந்து' என்று கைபேசியில் கேட்டால், மருந்துகளின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். பயிர்நோய்ச் சாஸ்திரம் கற்றவரோ, தேடத் தொடங்குமுன்பே இலையைக் கையிலெடுத்து, புள்ளி கண் வடிவில் இருமுனையும் கூர்ந்து நடுவே சாம்பல் பூத்திருக்கிறதா, அல்லது எள்ளளவாய் நீள்வட்டமாகப் பழுப்பேறியிருக்கிறதா என்று உற்றுநோக்கி, முன்னதாயின் குலைநோயைப் பற்றியும் பின்னதாயின் செம்புள்ளி நோயைப் பற்றியுமே தேடுவார். இந்தப் பேதம் அற்பமானதன்று. தழைச்சத்து மிகுந்த பயிரில் குலைநோய் ஓங்கும். செம்புள்ளியோ பெரும்பாலும் சத்துக் குன்றிய மண்ணில் தலைகாட்டும். இதனை அறியாமல், இலை காய்கிறதே என்று குலைநோய் கண்ட வயலில் யூரியாவை வீசினால் நோய் முன்னிலும் உக்கிரமாகும்.

விஷயஞானம் உடையவர் எதைக் கேட்பது என்பதோடு, எதை விலக்குவது, எவருடைய சொல்லை நம்புவது, எவ்விடத்தில் தேடலை நிறுத்துவது என்பனவற்றையும் அறிவார். கற்ற துறையே கண்ணை மறைத்து நிபுணரைப் பழகிய தடத்தில் சுழலச் செய்வதுண்டு என்பாரும் உளர். அதுவும் ஓரளவு மெய்யே.

ஆயினும் என்னை வாட்டும் கவலை, அந்த ஞானம் வாய்க்காதவருக்குத் துணை யார் என்பதுதான். கணித ஆசிரியராயிருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்றாக வாசகரின் காலத்தைக் காப்பதை வைத்தார். வந்தவரோடு உரையாடி, அவருக்கு உண்மையில் வேண்டுவது இன்னதென்று தெளிந்து, உரிய நூலை அவர் கையில் சேர்ப்பதை நூலகரின் தலையாய கடமையாகக் கொண்டார். 'கடைசியாக எப்போது உரமிட்டீர்கள்?' என்று திருப்பிக் கேட்கும் அந்த மனிதர்தாம் இன்று நம்மிடையே அருகி வருகிறார்.

1948-இல் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டுவரியோடு நூலக வரியையும் நம் மக்கள் செலுத்தி வருகின்றனர். அப்பணத்தில் புத்தகமும் அலமாரியும் வாங்குவதோடு நில்லாமல், சம்பா பருவத்திலேனும் காவிரிப் படுகையின் கிராம நூலகங்களில் வாரம் ஒரு நாள் பயிர் நூல் கற்ற ஒருவரை அமர்த்தி, நோயுற்ற இலையோடு வருபவரை நாலு கேள்வி கேட்டு, அவருக்குத் தேடும் வழியைக் காட்டச் செய்யவேண்டும்.