தாளிலிருந்து திரைக்கு

கொட்டாஞ்சேனைச் சிறுமி ஒருத்தி புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தைப் பென்சிலால் வரைகிறாள் எனக் கொள்வோம். மூன்று மாலைப் பொழுதுகளின் உழைப்பு அது. கைத்தொலைபேசியிற் படம்பிடித்து இணையத்தில் இட்டதும் வெண்தாள் மங்கித் தோன்றுகிறது. கருநிழல்கள் வெளிறிப் பளபளக்கின்றன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உறவினர் காண்பது இப்பிரதியை மட்டுமே. அதைக் கொண்டே அவளுடைய கைத்திறனை அவர்கள் மதிப்பிடுவர்.

குற்றம் கையினுடையதன்று. பென்சிலின் உள்ளிருப்பது காரீயம். போகலைச் சுரங்கத்திலே பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடும் அதே கனியம். 1795ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கொந்தே என்பவர் காரீயத்தூளைக் களிமண்ணுடன் கலந்து சுடும் முறைக்கு உரிமை பெற்றார். களிமண் மிகுந்தால் கோடு கடினமாகும். குறைந்தால் மென்மையும் கருமையும் கூடும். காரீயத்தின் அணுக்களோ தகடு தகடாக அடுக்கப்பட்டவை. அழுத்தித் தேய்க்குந்தோறும் அத்தகடுகள் தாளிற் படிந்து ஒளியைத் திருப்பி எறிகின்றன. எனவே எச்பி பென்சிலை எத்துணை அழுத்தினும் ஆழ்ந்த கருமை வாராது, மினுக்கமே வரும். 4பி, 6பி பென்சில்களை மெதுவாகப் பன்முறை ஓட்டுவதே வழி. கைபட்டுப் பரவிய கறையை அழிறப்பரால் நீக்குவதும் தாளிலேயே முடியவேண்டிய வேலை.

அடுத்தது வெளிச்சம். மேனாட்டு ஓவிய நூல்கள் வடக்குச் சாளரத்தைப் போற்றும். கொழும்பில் அவ்விதி ஆண்டு முழுவதும் செல்லாது. ஏப்ரல் முற்பகுதி முதல் செப்டெம்பர் முற்பகுதி வரை நண்பகற் சூரியன் வடபால் நிற்பதால், அக்காலத்திற்குத் தெற்குச் சாளரமே ஏற்றது. வெள்ளவத்தையிற் கடலை நோக்கிய மாடிவீடுகளில் மாலை வெயில் நேரே புகும். அங்கே காலைவேளை நன்று. வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். கமராவின் மின்னொளி வேண்டவே வேண்டாம்.

கமராவுக்கும் ஒரு பழக்கமுண்டு. எதிரிலுள்ள காட்சி சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறமுடையதென்று கொண்டே அது பெரும்பாலும் ஒளியை அளக்கிறது. வெண்தாள் மங்குவது இதனாலேயே. படம்பிடிக்கும்போதே ஒளியளவைச் சற்றுக் கூட்டினால் இது பெரிதும் தீரும். தாளுக்கு நேரெதிரே, சிறிது விலகி நின்று எடுத்தால் குவிமாடம் கோணாது.

பின்னர் திருத்தும் செயலியில் வண்ணத்தை நீக்கி, வெண்மைக்கும் கருமைக்கும் எல்லை வகுக்கலாம். இங்கேதான் பலர் அளவு மீறுகின்றனர். ஒரே தொடுகையில் யாவற்றையும் கூர்மையாக்கும் வசதிகள் தாளின் சொரசொரப்பைப் புள்ளிகளாக்கி, மென்னிழல்களை விழுங்கிவிடும்; எஞ்சுவது அவள் வரையாத படம். முதற் படத்தைத் தொடாது தனியே சேமித்தல் நலம். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் நுட்பங்கள் சிறிது சிறிதாகக் குறையும்.

திருத்தியபின் மூலச் சித்திரத்தைத் திரைக்கருகே வைத்து ஒப்பிடுக. குவிமாடத்தின் வெயில்படும் பக்கத்திலுள்ள மெல்லிய சாம்பல் திரையிற் காணப்படாவிடின், வெண்மையின் எல்லையைச் சிறிது தளர்த்துதல் வேண்டும்.